50 வினாடியில் நிற்கிறது: 57 ஓஎல்எல்லையும் மனப்பாடம் செய்வதா, வேறு வழி உண்டா?

தாம்பரம்_சால்வர்

எல்லோருக்கும் வணக்கம். பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அடுக்கடுக்காகப் போடும் தொடக்க முறையில் ரூபிக் கியூப் கற்றுக்கொண்டு, இப்போது சிஎஃப்ஓபி என்ற வேக முறைக்கு வந்திருக்கிறேன். கிராஸ் (கீழே சிலுவை), எஃப்2எல் (கீழ் இரண்டு அடுக்கு), மேல் அடுக்குக்கு டூ-லுக் (ஓஎல்எல், பிஎல்எல் ஒவ்வொன்றையும் இரண்டு முறை பார்த்துப் போடுவது). ஆவரேஜ் 45க்கும் 50க்கும் நடுவிலேயே நிற்கிறது, இறங்குவேனா என்கிறது.

செமஸ்டர் விடுமுறை வருகிறது. மேல் முகத்தை ஒரே நிறமாக்க 57 ஓஎல்எல், பிறகு மேல் துண்டுகளை அதனதன் இடத்தில் சேர்க்க 21 பிஎல்எல், ஆக மொத்தம் 78 அல்காரிதம் (மனப்பாடத் திருப்பல் வரிசை). உட்கார்ந்து எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தால் 25 வினாடிக்கு வர முடியுமா? விரல் வேகமும் எனக்குப் போதவில்லை என்று தோன்றுகிறது. தாம்பரத்திலிருந்து கிண்டி வரை லோக்கல் ரயிலில் தினமும் நேரம் கிடைக்கிறது. அதில் என்ன செய்யலாம் என்றும் சொல்லுங்கள்.

பெரம்பூர்_பெர்ம்

தம்பி, 78ஐயும் முடித்துவிடு. டூ-லுக்கில் மேல் அடுக்கை நான்கு முறை பார்த்து நான்கு அல்காரிதம் போடுகிறாய். முழுசாகத் தெரிந்தால் இரண்டே முறை. இதைவிடக் கண்ணுக்குத் தெரிகிற லாபம் வேறு எதிலும் கிடையாது. ரயிலில் உட்கார்ந்து மனப்பாடம் செய்ய இதைவிட நல்ல வேலையும் கிடையாது.

கிராஸ்_முதலில்

பெரம்பூர் அண்ணா சொல்வதில் பாதி எனக்குச் சம்மதம், அதற்கு அப்புறம் வருகிறேன். அதற்கு முன்னால் ஒரு சின்ன சோதனை.

தம்பி, முடித்து வைத்த கியூபைக் கையில் எடு. ஆர் யூ ஆர்' யூ' என்ற நான்கு மூவை (திருப்பலை) ஆறு முறை விடாமல் போடு. ஆர் வலப்பக்கம், யூ மேல்பக்கம், எஃப் முன்பக்கம், கடிகார முள் திசையில் கால் சுற்று. எழுத்துக்குப் பக்கத்தில் ' இருந்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசை, 2 இருந்தால் அரைச் சுற்று. உனக்குத் தெரியும், புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஆறாவது சுற்று முடியும்போது கியூப் தானாகவே பழையபடி முழுதாகிவிடும். மொத்தம் 24 மூவ். இதற்கு எத்தனை வினாடி ஆகிறது என்று பார்த்துச் சொல்.

தாம்பரம்_சால்வர்

8 வினாடி வருகிறது அண்ணா. ஓரிடத்தில் லேசாக மாட்டியது, இல்லாவிட்டால் இன்னும் குறையும்.

கிராஸ்_முதலில்

நல்லது. 8 வினாடியில் 24 மூவ் என்றால் வினாடிக்கு 3. இதுதான் இன்றைக்கு உன் விரலின் வேகம். எஃப்2எல்லும் டூ-லுக்கும் சேர்ந்து உன் சால்வ் (ஒரு முறை முழுதாகச் சேர்ப்பது) ஒன்றுக்கு 70 மூவ் என்று வைத்துக்கொள்வோம். வினாடிக்கு 3 என்ற கணக்கில் 23, 24 வினாடியில் முடிந்துவிட வேண்டும். உனக்கு ஆவது 48. மீதி 24 வினாடி எங்கே போனது? கியூபைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த துண்டு எங்கே என்று தேடியதில் போயிருக்கிறது.

அதாவது நீ கேட்கிற 25 வினாடிக்குத் தேவையான விரல் உன்னிடம் இப்போதே இருக்கிறது. குறைக்க வேண்டியது நிற்கிற நேரத்தை. அல்காரிதம் மனப்பாடம் செய்வது அதில் ஒரு பகுதியைத்தான் தொடும்.

அந்த நேரம் எங்கே போகிறது என்று நீயே அளந்து பார். சிஎஸ்டைமர் என்ற நேரம் அளக்கும் இணையதளத்தில் ஒரு சால்வை நான்கு கட்டமாகப் பிரிக்கும் அமைப்பு இருக்கிறது. கிராஸ் முடிந்ததும் ஒரு தட்டு, எஃப்2எல் முடிந்ததும் ஒரு தட்டு, ஓஎல்எல் முடிந்ததும் ஒரு தட்டு, கடைசியில் நிறுத்து. தட்டுவதற்கே கொஞ்சம் நேரம் போகும், பரவாயில்லை. ஒரு மாலை முழுக்க அப்படிப் போட்டு சராசரியை இங்கே எழுது. அதைப் பார்க்காமல் உனக்கு ஆலோசனை சொல்வது சரியில்லை.

ரூ_ரசிகன்

இடையில் ஒரு வார்த்தை. 57, 21 என்று கணக்கு போடுவதற்குப் பதில் ரூ முறையைப் பாருங்கள். பிரான்சின் ஜில் ரூ 2003இல் உருவாக்கியது. இடப்பக்கம் ஒரு பிளாக், வலப்பக்கம் ஒரு பிளாக், மேலே நான்கு கார்னருக்கு (மூலைத் துண்டு) சிஎம்எல்எல் என்ற அல்காரிதத் தொகுப்பு, கடைசி ஆறு எட்ஜை (இரு நிறத் துண்டு) எம் (நடு அடுக்கு), யூ என்ற இரண்டு வகைத் திருப்பலை மட்டும் வைத்தே முடித்துவிடலாம். சிஎம்எல்எல் மொத்தமே 42 தான். சராசரியாக 50 மூவுக்குள் அடங்கும். கியூபை அப்படியும் இப்படியும் சுற்றிப் பிடிக்கவும் தேவை இல்லை.

கிராஸ்_முதலில்

ரூ அருமையான முறை, எனக்கு அதன் மேல் மரியாதை உண்டு. தொடக்கத்திலேயே அதைத் தேர்ந்தெடுப்பவரை நான் தடுக்க மாட்டேன். ஆனால் தம்பிக்குக் கிராஸும் எஃப்2எல்லும் கையில் வந்துவிட்டன. 48 வினாடியில் நிற்பதற்குக் காரணம் முறை அல்ல. தேடி நிற்கிற பழக்கம் ரூவுக்குப் போனாலும் கூடவே வரும், பிளாக் கட்டும்போது இன்னும் அதிகமாகத் தெரியும்.

திருவல்லிக்கேணி_1982

இந்த இழையைப் படிக்க மகிழ்ச்சியாக இருக்கிறது. 1982 ஜூனில் புடாபெஸ்டில் நடந்த முதல் உலகப் போட்டியில் அமெரிக்காவின் மின் தாய் (Minh Thai) என்பவர் 22.95 வினாடியில் வென்றார். அன்றைக்கு உலகமே வியந்த நேரம் அது. தம்பி ஒரு விடுமுறையில் அதற்குப் பக்கத்தில் வரப் பார்க்கிறார். அந்தப் போட்டியில் கலந்துகொண்டவர்களில் ஒருவர்தான் ஜெசிக்கா ஃப்ரிட்ரிக். பின்னால் 1990களில் அவர் இணையத்தில் விரிவாக எழுதி வைத்ததால்தான் நீங்கள் போடும் முறை ஊர் உலகமெல்லாம் அவர் பெயரில் பரவியது. நீங்கள் எழுதுகிற ஆர், யூ, எஃப் குறிகள் டேவிட் சிங்மாஸ்டர் என்ற கணிதவியலாளர் கொடுத்தவை.

1974இல் எர்னோ ரூபிக் இதைச் செய்து முடித்தபோது, தான் கலைத்ததைத் தானே சேர்க்க அவருக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. கற்றுக்கொடுக்க அவருக்கு ஆள் இல்லை. உங்களுக்கு இருக்கிறார்கள். நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

தாம்பரம்_சால்வர்

நன்றி சார், படிக்கவே உற்சாகமாக இருக்கிறது.

அண்ணா, பிரித்து அளந்துவிட்டேன். கிராஸ் 7, எஃப்2எல் 24, ஓஎல்எல் 8, பிஎல்எல் 9. கிட்டத்தட்ட இப்படித்தான் வருகிறது. எஃப்2எல் இவ்வளவு சாப்பிடுகிறது என்று நான் நினைக்கவே இல்லை.

பெரம்பூர்_பெர்ம்

எஃப்2எல் பெரியதுதான், மறுக்கவில்லை. ஆனால் மேல் அடுக்குக்கு மட்டும் 17 வினாடி ஆகிறதே, அதையும் பாருங்கள். டூ-லுக்கில் மேல் அடுக்கு முழுக்க 35 மூவ் பக்கம் போகும். முழு அல்காரிதம் தெரிந்தால் 22, 23இல் முடியும். தம்பி வேகத்தில் அதுவே 4 வினாடி மிச்சம். இரண்டு முறை பார்ப்பது குறைவதில் இன்னும் 2, 3 வினாடி. ஆக 6, 7 வினாடி உறுதியாகக் கிடைக்கும். எஃப்2எல்லில் அப்படி எழுதிக் கொடுத்து வாங்க முடியாது. நான் இதே வழியில் வந்தவன், அதனால்தான் அடித்துச் சொல்கிறேன்.

கிராஸ்_முதலில்

இந்தக் கணக்கை நான் ஏற்கிறேன் அண்ணா. என்னுடைய வாதம் வரிசையைப் பற்றியது. நீங்கள் சொன்ன 6, 7 வினாடியில் பெரும்பகுதி பிஎல்எல்லிலேயே கிடைக்கிறது. 21 கற்றால் ஒவ்வொரு சால்விலும் பலன். 57 கற்க அதைப்போல மூன்று மடங்கு உழைப்பு, பலனோ அதைவிடக் குறைவு. அதனால் தம்பி, பிஎல்எல்லை இப்போதே தொடங்கு, அவசரப்படாமல் போ. முழு ஓஎல்எல்லை 25க்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். விடுமுறையின் பெரும்பகுதி எஃப்2எல்லுக்குப் போகட்டும்.

இப்போது கிராஸ். 7 வினாடி மிக அதிகம். ஒரு நிறத்தின் கிராஸை எப்படிக் கலைத்திருந்தாலும் 8 மூவுக்குள் போட முடியும், பெரும்பாலும் 7கூட வேண்டாம். உன் விரல் வேகத்துக்கு 3 வினாடி வேலை. போட்டியில் கியூபைக் கையில் எடுத்துப் பார்க்க 15 வினாடி தருகிறார்கள். அதில் முதல் இரண்டு எட்ஜைப் பார்த்துவிட்டுத் தொடங்குகிறவர்கள்தான் அதிகம். நீ நான்கையும் பார். தொடக்கத்தில் 15 வினாடி போதாது. ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள். மனத்துக்குள் நான்கு எட்ஜின் வழியும் தெளிவானதும் கண்ணை மூடிக்கொண்டு போடு. முடித்துவிட்டுக் கண்ணைத் திற. கிராஸ் சரியாக இருந்தால் அடுத்த ஸ்கிராம்பிள் (கலைத்த நிலை). இல்லாவிட்டால் அதே ஸ்கிராம்பிளை மறுபடி கலைத்து, எந்த எட்ஜ் எங்கே விலகிப் போனது என்று கண்டுபிடி. ரயிலில் செய்ய இதைவிடப் பொருத்தமான பயிற்சி இல்லை, டைமர் தேவையே படாது. குரோம்பேட்டையிலிருந்து பல்லாவரம் போவதற்குள் ஒன்றிரண்டு கிராஸ் போட்டுவிடலாம்.

அப்புறம், வெள்ளையைக் கீழே வைத்துத்தான் கிராஸ் போட வேண்டும். தொடக்க முறையில் மேலே வைத்துப் போட்ட பழக்கம் பலருக்கும் ஒட்டிக்கொண்டிருக்கும். மேலே வைத்துப் போட்டுவிட்டுக் கியூபைக் கவிழ்க்கும்போது, பார்த்து வைத்திருந்த கார்னர் எல்லாம் கண்ணிலிருந்து போய்விடும்.

எஃப்2எல் பற்றி இரவு எழுதுகிறேன், அது ஒரு வரியில் முடிகிற விஷயம் இல்லை.

வேளச்சேரி_மேக்னெட்

கியூப் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லையே? பாரிமுனைப் பொம்மைக் கடையில் வாங்கிய இறுக்கமான கியூபை வைத்துக்கொண்டு இதெல்லாம் கஷ்டம். ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே காந்தம் வைத்த நல்ல கியூப் வருகிறது. மோயூ, க்யூஒய் இரண்டிலும் கிடைக்கும். அதற்கு மேல் செலவழித்தால் 48 வினாடிக்காரருக்கு வித்தியாசம் தெரியாது.

வாங்கியதும் திருகை அப்படியே விட்டுவிடாதீர்கள். ஆறு பக்கமும் ஒரே இறுக்கமாக இருக்கிறதா பாருங்கள். நம் ஊர் வெயிலுக்கு விரல் வியர்த்து வழுக்கும், பக்கத்தில் ஒரு கைக்குட்டை வைத்துக்கொள்ளுங்கள். லூப் (வழவழப்புக்கு விடும் எண்ணெய்) என்றால் கியூபுக்கான சிலிக்கான் லூப் மட்டும். தேங்காய் எண்ணெய் விட்டுக்கொண்டு வருகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். உள்ளே தூசி ஒட்டிப் பிசுக்காகிவிடும், கியூபும் பாழ்.

தாம்பரம்_சால்வர்

மோயூதான் அண்ணா, காந்தம் வைத்தது.

கிராஸ்_முதலில்

சரி, எஃப்2எல். ஒரே ஒரு நிலையை எடுத்துக்கொண்டு கையில் கியூபோடு என்கூட வா.

வெள்ளைக் கிராஸ் கீழே, பச்சை உன்னைப் பார்த்து. அப்படிப் பிடித்தால் வலப்பக்கம் ஆரஞ்சு. மேல் அடுக்கில் வலது முன் மூலையில் ஒரு கார்னர் நிற்கிறது: வெள்ளை வலப்பக்கம் பார்க்கிறது, முன்னால் பச்சை, உச்சியில் ஆரஞ்சு. அதன் ஜோடி எட்ஜ் மேல் அடுக்கில் பின்பக்கம் நிற்கிறது, உச்சியில் பச்சை. ஆர் யூ ஆர்' போட்டால் இரண்டும் சேர்ந்து பச்சை-ஆரஞ்சு இடத்துக்குள் போய்விடும். மூன்றே மூவ். இது உனக்கு நன்றாகவே தெரிந்திருக்கும்.

கேள்வி இதுதான்: அந்த மூன்று மூவ் நடக்கும்போது உன் கண் எங்கே இருக்கிறது? உள்ளே போகிற ஜோடியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாய். 50 வினாடியில் இருக்கிற எல்லோரும் அதைத்தான் பார்ப்பார்கள். அது சரியாக உள்ளே போகிறதா என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் அடுத்த ஜோடியைத் தேடத் தொடங்குவார்கள். அந்த இடைவெளிதான் ஜோடிக்கு 3 வினாடி, 4 வினாடி என்று சேர்ந்து உன் எஃப்2எல்லை 24 வினாடிக்குக் கொண்டுபோகிறது.

இப்போது அதே மூன்று மூவை மெதுவாகப் போட்டு, மேல் அடுக்கில் முன்பக்கம் நிற்கிற எட்ஜை மட்டும் கவனி. ஆர் திருப்பும்போது அசையாது. யூ திருப்பும்போது இடப்பக்கம் போகும். ஆர்' போடும்போது மறுபடி அசையாது. ஆகவே முடியும்போது இடப்பக்கம் நிற்கும். அதேபோல இடது முன் மூலையில் இருந்த கார்னர் இடது பின் மூலைக்குப் போயிருக்கும். கீழே இடப்பக்கம் இருக்கிற இரண்டு இடங்களும் அசையவே அசையாது. இதெல்லாம் முதல் மூவ் போடுவதற்கு முன்பே உனக்குத் தெரிந்துவிடுகிறது. உள்ளே போகிற ஜோடியைக் கையிடம் விட்டுவிடு, அதற்கு வழி தெரியும். கண்ணுக்கு வேலை அடுத்த கார்னர்.

லுக் அஹெட் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். வேகமாகத் திருப்பினால் இது வரவே வராது, மேல் அடுக்கு மங்கலாக ஓடிவிடும். அதனால் வேகத்தைப் பாதியாகக் குறை. நிற்காமல் போ. டைமரில் நேரம் கூடலாம், ஒரு வாரம் டைமரை மூடி வை. நிற்காமல் மெதுவாகப் போட்ட எஃப்2எல், நின்று நின்று வேகமாகப் போட்டதைவிடச் சீக்கிரம் முடிவதை நீயே பார்ப்பாய்.

இன்னொன்றும் சேர்த்துக்கொள். பின்பக்கத்து இரண்டு இடங்களையும் முதலில் நிரப்பப் பார். அவை நிரம்பிவிட்டால் மீதி இடம் இரண்டும் உன் கண் முன்னால் இருக்கும், கியூபைத் திருப்பிப் பார்க்கிற தேவை குறையும். ஒவ்வொரு முறை கியூபைச் சுழற்றிப் பிடிக்கும்போதும் நீ கண்ணால் பிடித்து வைத்திருந்த துண்டு கைநழுவிப் போகிறது.

எஃப்2எல்லில் 41 நிலைகள் உண்டு. அவற்றுக்கும் அட்டவணை போட்டு மனப்பாடம் செய்யச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கார்னரையும் எட்ஜையும் எப்படிப் பிரிக்கிறோம், எப்படிச் சேர்க்கிறோம் என்று புரிந்துகொண்டு போடுகிறவனுக்குத்தான் பாதி வழியில் துண்டு எங்கே நிற்கும் என்பதும் தெரியும். மாட்டிக்கொள்கிற நாலைந்து நிலைகளுக்கு மட்டும் நல்ல அல்காரிதம் பார்த்துக்கொள்.

மந்தைவெளி_மீனாட்சி

கிராஸ்_முதலில் எழுதிய "நிற்காமல் மெதுவாக" என்பதை நான் வேறு இடத்திலிருந்து ஆமோதிக்கிறேன். நான் பாட்டு சொல்லிக்கொடுக்கிறவள், கியூபும் போடுவேன். சரளி வரிசையை முதல் காலத்தில் சுத்தமாகப் பாடாத பிள்ளையை இரண்டாம் காலத்துக்கு அனுப்ப மாட்டேன். மூன்றாம் காலத்தில் தடுமாறுகிற ஸ்வரம் எது என்று தேடினால், முதல் காலத்திலேயே அங்கே ஒரு சிறு இழுப்பு இருந்திருக்கும்.

கியூபுக்கும் இதையே செய்கிறேன். போனில் மெட்ரனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்துவிட்டு, ஒரு தட்டுக்கு ஒரு மூவ். எஃப்2எல் நான்கு ஜோடியும் தட்டு தவறாமல் வந்தால்தான் அடுத்து 70. எந்த ஜோடிக்கும் அடுத்த ஜோடிக்கும் நடுவில் தட்டு தவறுகிறதோ, அங்கேதான் கண் தூங்கியிருக்கிறது. சிஎஸ்டைமர் கட்டத்தை மட்டும் காட்டும், இது எந்த இடம் என்றே காட்டிக்கொடுத்துவிடும். இரவில் வீட்டில் எல்லோரும் தூங்கும்போது கடகடவென்று சத்தமும் வராது.

தாம்பரம்_சால்வர்

மீனாட்சி அக்கா, 60இல் போட்டுப் பார்த்தேன். முதல் ஜோடி வரை சரியாக வருகிறது, இரண்டாவதுக்குப் போகும்போது தட்டு தவறுகிறது. 50க்கு இறக்கலாமா?

மந்தைவெளி_மீனாட்சி

தாராளமாக இறக்கு. 40ஆக இருந்தாலும் பரவாயில்லை. தட்டு தவறாமல் போவதுதான் கணக்கு.

அண்ணாநகர்_அம்மா

என் பெண் எட்டாம் வகுப்பு. ஒரு நிமிடத்துக்குள் போடுகிறாள். பக்கத்தில் ஒரு பயிற்சி வகுப்பில் சேர்த்தோம். 57ஐயும் வரிசை எண்படி வாரத்துக்குப் பத்து ஒப்பிக்க வேண்டும் என்கிறார்கள். ஒப்பிக்காவிட்டால் அடுத்த வாரம் கியூபைத் தொட விட மாட்டார்கள். அவளுக்கு இப்போது கியூபைப் பார்த்தாலே பிடிக்காமல் போகிறது. எனக்குக் கியூப் தெரியாது. வகுப்பை நிறுத்திவிட்டு வீட்டிலேயே போடச் சொல்லலாமா? போட்டிக்குப் போக வேண்டும் என்று ரொம்ப ஆசைப்படுகிறாள், இவ்வளவு நேரத்துக்குள் போட்டால்தான் சேர்ப்பார்கள் என்று ஏதாவது உண்டா?

கிராஸ்_முதலில்

அக்கா, நிறுத்திவிடுங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு விருப்பம் போய்விட்டால் எந்த அல்காரிதமும் உதவாது.

போட்டிக்கு இப்போதே அழைத்துப் போகலாம். டபிள்யூசிஏ (உலக கியூப் சங்கம்) போட்டிகளில் 3×3க்கு இவ்வளவு வேகம் வேண்டும் என்ற நுழைவு நிபந்தனை வழக்கமாக இருக்காது. முடிக்க வழக்கமான நேர வரம்பு பத்து நிமிடம், ஒரு நிமிடத்துக்குள் போடுகிற பிள்ளைக்கு அது கவலையே இல்லை. ஐந்து சால்வ் இருக்கும். மிக நல்லதையும் மிக மோசமானதையும் விட்டுவிட்டு நடு மூன்றின் சராசரியை எடுப்பார்கள். அதனால் ஒன்று கெட்டுப்போனாலும் பயப்பட வேண்டாம் என்று அவளிடம் சொல்லுங்கள்.

நான் நடுவராக உட்கார்ந்திருக்கிறேன். முதல்முறை வருகிற பிள்ளைகளுக்குக் கை நடுங்கும், அது இயல்பு. அவள் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டியது இது: கியூபைப் பார்க்க 15 வினாடி. 8 ஆனதும் நடுவர் "எட்டு" என்பார், 12 ஆனதும் "பன்னிரண்டு" என்பார். 15ஐத் தாண்டித் தொடங்கினால் 2 வினாடி கூட்டுவார்கள், 17ஐத் தாண்டினால் அந்த சால்வ் கணக்கில் வராது. முடித்து வைக்கும்போது ஒரு பக்கம் 45 டிகிரிக்கு மேல் திரும்பியிருந்தாலும் 2 வினாடி கூடும். டைமர் மேல் இரண்டு கையையும் வைத்து, பச்சை விளக்கு வந்ததும் எடுக்க வேண்டும், முடித்ததும் இரண்டு கையாலும் நிறுத்த வேண்டும். வீட்டில் ஒரு புத்தகத்தின் மேல் கை வைத்து இதைப் பழகச் சொல்லுங்கள். அந்த அறிமுகம் இருந்தாலே பாதிப் பதற்றம் போய்விடும். அங்கே வேகமாகப் போடுகிற அண்ணன் அக்காக்கள் பக்கத்தில் உட்காரவைத்துக் கற்றுக்கொடுப்பார்கள், அதுவே அவளுக்குப் பெரிய வகுப்பு.

பெரம்பூர்_பெர்ம்

அல்காரிதம் பக்கம் பேசுகிற நானே சொல்கிறேன் அக்கா, வரிசை எண்படி ஒப்பிப்பது வீண். எது அடிக்கடி வருகிறதோ அதை முதலில் கற்க வேண்டும். மேல் அடுக்கில் மஞ்சள் எட்ஜ் ஒன்றுமே இல்லாமல் புள்ளி மட்டும் வரும் நிலை எட்டு சால்வுக்கு ஒன்று. அதில் எட்டு ஓஎல்எல் இருக்கிறது, எல்லாமே நீளமானவை. அட்டவணையின் முதல் பக்கத்திலேயே அவை இருப்பதால் பிள்ளைகளை முதலில் அதில் போட்டு வதைக்கிறார்கள்.

தம்பிக்கு பிஎல்எல்லிலும் இதே கணக்கு. பிஎல்எல் நிலைகளுக்கு (பெர்ம் என்போம்) ஆங்கில எழுத்துகளே பெயர். N பெர்ம் இரண்டும் தலா 72இல் ஒரு முறைதான் வரும், எச்சும் (H) அப்படியே. எச் சுலபம், எப்போது வேண்டுமானாலும் கற்கலாம். N இரண்டையும் கடைசியில் வைத்துக்கொள். ஜி நான்கும் கடினம் என்று எல்லோரும் தள்ளிப்போடுவார்கள். ஒவ்வொன்றும் 18இல் ஒன்று, நான்கும் சேர்த்தால் ஐந்தில் ஒன்றுக்கும் மேல். ஜி தெரியாமல் முழு பிஎல்எல் தெரியும் என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தமில்லை.

கிராஸ்_முதலில்

ஜி பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு. மனப்பாடம் பற்றி எனக்கு மிகவும் பிடித்த ஒன்றைச் சொல்கிறேன், கியூபை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் துண்டு: ஆர் யூ ஆர்' யூ' ஆர்' எஃப் ஆர் எஃப்'. இரண்டாம் துண்டு: எஃப் ஆர் யூ' ஆர்' யூ' ஆர் யூ ஆர்' எஃப்'. இவை இரண்டும் தனித்தனியே இரண்டு ஓஎல்எல். முதல் துண்டை முன்னால் வைத்து இரண்டாம் துண்டைச் சேர்த்தால் டி பெர்ம். நடுவில் எஃப்'உம் எஃப்உம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், இரண்டு ஆர் சேர்ந்து ஆர்2 ஆகும், 14 மூவில் முடியும். வரிசையை மாற்றி, இரண்டாம் துண்டு முன்னால், முதல் துண்டு பின்னால் என்றால் ஒய் பெர்ம், 17 மூவ். இரண்டு துண்டு தெரிந்தால் நான்கு அல்காரிதம் கையில் வந்துவிடுகிறது. டூ-லுக் பிஎல்எல்லில் கார்னருக்குத் தேவைப்படுவதும் இதே டியும் ஒய்யும்தான்.

இப்படி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துக் கற்றால் எழுத்து வரிசை மறந்தாலும் கை மறக்காது. எம்2 யூ எம் யூ2 எம்' யூ எம்2 என்பது மூன்று எட்ஜை ஒரு பக்கமாகச் சுற்றும் யூ பெர்ம். அதில் ஒற்றை யூ இரண்டையும் யூ' ஆக்கினால் எதிர்ப்பக்கமாகச் சுற்றும். அதைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

அண்ணாநகர்_அம்மா

அவளே போட்டுப் பார்த்துவிட்டு "அம்மா, ரெண்டும் ஒண்ணுதான்!" என்று கத்தினாள். ரொம்ப நன்றி தம்பி. வகுப்பை நிறுத்திவிட்டோம்.

வேளச்சேரி_மேக்னெட்

2025இல் சீனாவின் ஷென்யாங்கில் 3.05 வினாடியில் போட்ட சிறுவனுக்கு வயது ஏழு. அதற்கு முன் 2023இல் கலிபோர்னியாவில் மேக்ஸ் பார்க் போட்டது 3.13. இரண்டையும் மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். விரல் வேகம் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் கை நிற்கிற இடத்தைக் கண்டுபிடிக்கவே முடியாது. இந்த இழை முழுக்கப் பேசியது அதில் அப்படியே தெரிகிறது.

தாம்பரம்_சால்வர்

ஒரே ஒரு சந்தேகம். மெட்ரனோமோடு எஃப்2எல் ஓடிக்கொண்டிருக்கிறது, கூடவே பிஎல்எல்லும் தொடங்கிவிட்டேன். மேலே மஞ்சள் முடிந்ததும் டி போடுவதா, ஒய் போடுவதா என்று பார்க்கவே நேரமாகிறது. நான்கு பக்கமும் கியூபைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். சீக்கிரம் கண்டுபிடிக்க வழி உண்டா?

கிராஸ்_முதலில்

உண்டு. நான்கு பக்கமும் தேவையில்லை, இரண்டு பக்கம் போதும். கியூபை லேசாகச் சாய்த்துப் பிடித்தால் முன்பக்கமும் வலப்பக்கமும் ஒரே பார்வையில் தெரியும். ஒவ்வொரு பக்கத்திலும் மேல் வரிசையின் இரண்டு கார்னரையும் பார். இரண்டும் ஒரே நிறமாக இருந்தால் அதை ஹெட்லைட் என்போம்.

இரண்டு பக்கத்திலும் ஹெட்லைட் இருந்தால் கார்னர் எல்லாம் சரியாக இருக்கின்றன, நேராக எட்ஜுக்குப் போ. ஆறில் ஒரு முறை இப்படி வரும். ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தால் டி. ஹெட்லைட் இருக்கும் பக்கத்தை யூ திருப்பி இடப்பக்கம் கொண்டுபோய்விட்டுப் போடு. இரண்டிலும் இல்லாவிட்டால் மட்டும் முன்பக்கம் இருக்கும் இரண்டு கார்னர் நிறங்களைப் பார். அவை எதிரெதிர் நிறங்களாக, அதாவது பச்சைக்கு நீலம், சிவப்புக்கு ஆரஞ்சு என்று இருந்து, வலப்பக்கமும் அப்படியே இருந்தால் ஒய், எப்படிப் பிடித்தும் போடலாம். ஏதாவது ஒரு பக்கத்தில் பக்கத்துப் பக்கத்து நிறங்களாக இருந்தால் ஹெட்லைட் உனக்குத் தெரியாத பக்கத்தில் இருக்கிறது. யூ2 போட்டால் கண் முன்னால் வந்துவிடும், அப்புறம் டி.

கடைசி ஓஎல்எல் மூவைக் கை முடிக்கும்போதே கண் அந்த இரண்டு பக்கத்துக்குப் போய்விட வேண்டும். இதைத் தனியாகப் பழகு: ஓஎல்எல் வரை போட்டுவிட்டு நிறுத்து, டியா ஒய்யா என்று வாயால் சொல், சரி பார், மறுபடி கலை. ரயிலில் பல்லாவரம் தாண்டிய பிறகு இதை வைத்துக்கொள்.